தாத்தாவின் ஜப்பான் வாளைக் கிரைண்டரில் பிடிக்கலாமா?

தேவிபட்டினத்தான்:
தாத்தா பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சண்டை முடிந்து 1946இல் ஊர் திரும்பியபோது இந்த வாளைப் பாயில் சுருட்டிக் கொண்டுவந்தாராம், அப்பத்தா சொல்லும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, அலகில் சந்தனம் குங்குமம் வைப்போம். பொட்டு வைத்த இடமெல்லாம் இப்போது மிளகு மிளகாகத் துரு. பிடியில் நாடா சுற்றியிருக்கிறது. இடுக்கில் மணி மணியாக வெள்ளைத் தோல். பிடியைக் கழற்றி முழுசாகக் கிரைண்டரில் பிடித்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்கிறார் ஒரு பட்டறைக்காரர். கொடுக்கலாமா? இது சாமுராய் வாளா?

பாம்பன் வலைக்காரன்:
அண்ணே, அந்தத் தோல் திருக்கை மாதிரி இருக்கே!

பழைய மாலுமி, மண்டபம்:
திருக்கையேதான். பிடி கை நழுவாமல் இருக்க அந்தத் தோலைத்தான் ஒட்டுவார்கள்.

தம்பி, கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். சூட்டில் வெட்டும் விளிம்பின் பதம் போய்விடும். ஒருமுறை போனால் போனதுதான். கப்பல் வேலையில் ஜப்பான் போன நாளெல்லாம் வாள் பார்க்கவே அலைந்தவன், அந்த ஆசையில் சொல்கிறேன்.

பிடிக்கு ஊடே ஒரு மூங்கில் ஆணி இருக்கும், மெகுகி என்பார்கள். மரக்குச்சி வைத்து மெல்லத் தட்டி எடுங்கள். முனை மேலே பார்க்க, பிடியை இடக்கையில் பிடித்து, அந்த மணிக்கட்டில் வலக்கை முஷ்டியால் குத்துங்கள், அலகு தளரும். உள்ளே இருக்கும் வால்தான் நகாகோ. அதன் துருவைத் தொடவே கூடாது. வாளின் வயதை முதலில் அந்தத் துருவின் நிறத்தில்தான் படிப்பார்கள். கொல்லர் பெயர் வெட்டியிருப்பதும் அங்கேதான்.

சாமுராய் வாளா என்று கேட்டீர்களே, சண்டைக் காலத்தில் கிடைத்தது ராணுவ வாளாக இருக்கலாம். ஆனால் ராணுவ வாள் என்றாலே புதிது என்று நினைக்க வேண்டாம். பரம்பரை அலகுக்கு ராணுவப் பிடி மாட்டிக்கொண்டு போன அதிகாரிகளும் உண்டு. 1935இல் வந்த சார்ஜென்ட் வாளுக்குப் பிடி அலுமினிய வார்ப்பு, அலகில் எண் குத்தியிருக்கும். உங்களுடையது அது இல்லை.

தேவிபட்டினத்தான்:
கழற்றிவிட்டேன், கை நடுங்கியது. வால் காப்பிக்கொட்டை நிறம். ஒரு பக்கம் நாலைந்து எழுத்து, மேலே பூ மாதிரி சின்ன முத்திரை. மறுபக்கம் வெறுமை.

பழைய மாலுமி, மண்டபம்:
பூவுக்குள் எழுத்து இருந்தால் அது ஷோவா முத்திரை. ஷோவா என்பது அன்றைய ஜப்பான் பேரரசர் ஆட்சிக்காலத்தின் பெயர். போர்க்காலத்தில் வந்தது, பழைய முறைப்படி முழுக்க அடித்துச் செய்ததாக இருக்காது. சேகரிப்பவர்கள் பெரிய விலை தரமாட்டார்கள். அதனால் என்ன? தாத்தா கடல் தாண்டிக் கொண்டுவந்தது, நன்றாக வைத்திருங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். பழைய எண்ணெயைப் பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு படலம் மட்டும். ஜப்பானில் கிராம்பு வாசமுள்ள எண்ணெய் போடுவார்கள். அலகில் விரல் படக்கூடாது. நம் உப்புக்காற்றில் கைரேகைகூடத் துருவாகும்.

தேவிபட்டினத்தான்:
பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அண்ணே. அப்பத்தாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கடைசியில், பொட்டை உறையில் வைத்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டது.