ஒரே அட்ரினலின்: தொடைக்கு எவ்வளவு, நரம்புக்கு எவ்வளவு? ஆம்புலன்ஸ் அனுபவப் பகிர்வு

குளவி கொட்டிக் கடும் அலர்ஜி ஆன கேஸ்களில் அடிக்கடி பார்க்கிற தவறு ஒன்று. முகம் வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுக்கும்போது முதலில் ஏவில் (அலர்ஜி மருந்து) ஊசியைத் தேடுவார்கள். அது அரிப்பைத்தான் அடக்கும். அட்ரினலின்தான் முதலில். ஆம்பியூலில் (சின்ன மருந்துக் குப்பி) 1 மி.லி.க்கு 1 மி.கி. இருக்கும். பெரியவருக்குப் பாதி, அதாவது 0.5 மி.லி.; 6 முதல் 12 வயது வரை 0.3, அதற்கும் சின்னப் பிள்ளைக்கு 0.15. நடுத்தொடையின் வெளிப்புறத் தசையில், ஊசியைச் செங்குத்தாக இறக்க வேண்டும். புஜத்தில் தோலுக்கடியில் போடும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். பிபி இறங்கியவருக்குத் தோலுக்கு ரத்தம் ஓடுவதே குறைவு. மருந்து போட்ட இடத்திலேயே தேங்கிவிடும். 5 நிமிடத்தில் தேறவில்லையா, அதே அளவு மறுபடியும். ஊசி போட்டதும் எழுந்து வண்டி வரை நடக்க விடாதீர்கள், ஸ்ட்ரெச்சரில்தான் ஏற்ற வேண்டும். திடீரென்று நிற்கவைத்தால் பிபி விழுந்து இதயமே நின்றுவிடலாம்.

அண்ணே, அதே ஆம்பியூல்தான் இதயம் நின்றவருக்கும். அங்கே முழு 1 மி.கி., நரம்பில் (அதாவது ரத்தக் குழாயில்), 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. இந்த அளவை நாடித்துடிப்பு உள்ள அலர்ஜி நோயாளியின் நரம்பில் தள்ளினால் பிபி எகிறும், துடிப்பு தாறுமாறாகும். அதனால் சிரிஞ்சில் பிளாஸ்டர் ஒட்டி, மருந்தின் பெயரோடு ‘தொடை 0.5’ என்றும் எழுதிவிடுவது நல்லது. சிபிஆர் (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) நடக்கும்போது ரத்த ஓட்டம் மந்தம். மருந்துக்குப் பின்னால் 20 மி.லி. சலைன் தள்ளி, கையை 10, 20 விநாடி தூக்கிப் பிடிக்காவிட்டால் மருந்து முழங்கையைத் தாண்டாது.

அட்ரினலினை விட்டு இன்னொரு கேஸ்: வலிப்பு வந்த குழந்தைக்கு நரம்பு தேடி நேரத்தை விடாதீர்கள். மூக்கில் மிடாசோலம் (வலிப்பை நிறுத்தும் மருந்து), கிலோவுக்கு 0.2 மி.கி. 15 கிலோ பிள்ளைக்கு 3 மி.கி. மி.லி.க்கு 5 மி.கி. உள்ள மருந்தென்றால் மொத்தம் 0.6 மி.லி.; மூக்குத் துளைக்கு 0.3 வீதம் ஸ்ப்ரே முனையால் அடித்தால் சளிச்சவ்வில் படியும். மி.லி.க்கு 1 மி.கி. மருந்தை எடுத்தால் 3 மி.லி. ஆகிவிடும். பாதி தொண்டைக்குள் வழியும், வலிப்பும் நிற்காது. ஸ்ப்ரே முனையிலேயே சுமார் 0.1 மி.லி. தங்கும், அதைக் கூட்டி இழுங்கள். மூக்கில் சளியோ ரத்தமோ இருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன். அடித்த பிறகு மூச்சையும் எஸ்பிஓ2-வையும் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.