மழை தொடங்கியதிலிருந்து கைரேகைப் பூட்டு சரியாகப் பூட்டுதில்லை, பழைய திறப்புக்கே போகவா?

கொக்குவிலான்:
வணக்கம். எங்கள் முன்கதவு அப்பா காலத்தில் போட்ட வேப்பமரக் கதவு. கனடாவில் இருக்கிற அண்ணா வந்தபோது கைரேகைப் பூட்டு ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டுப் போனார். புரட்டாதி வரை ஒரு கரைச்சலும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் மோட்டார் உறுமுகிறது, நாக்கு பாதியில் நிற்கிறது, பிறகு கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. பற்றறியும் கெதியாக இறங்குகிறது. போதாக்குறைக்கு அம்மாவின் விரலை அது பிடிப்பதே இல்லை. பகலில் அம்மா தனிய. 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. கழற்றிவிடவா?

கதவுவேலை:
தம்பி, அவசரப்படாதீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பூட்டிப் பாருங்கள். நாக்கு முழுதாக வெளியே வந்தால் பூட்டில் பிழையில்லை. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும், அல்லது கதவு இறங்கியிருக்கும். நாக்கின் நுனியில் ஈரக் குங்குமம் கொஞ்சம் தடவி, கதவைச் சாத்திப் பூட்டுங்கள். நிலையில் உள்ள தகட்டில் எங்கே சிவப்புப் படுகிறதோ அங்கேதான் இடிக்கிறது. முதலில் பிணைச்சல் ஆணிகளை இறுக்குங்கள். அதற்கும் சரிவராவிட்டால் அந்த விளிம்பை மட்டும் அரத்தால் ராவுங்கள். கதவைச் சீவ மட்டும் விடாதீர்கள். மழைக்குச் சீவினால், சித்திரை வெயிலுக்கு மரம் சுருங்கி இடைவெளி விழும்.

பற்றறி இறங்குவதும் இதனால்தான், நாக்கு இடிக்க இடிக்க மோட்டார் கூடுதலாக இழுக்கும். அல்கலைன் பற்றறியே போடுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள். சார்ஜ் பண்ணுகிறவை பெரும்பாலும் 1.2 வோல்ட்தான், அல்கலைன் 1.5, பற்றறி குறைகிறது என்ற எச்சரிக்கை குழம்பிவிடும். கரண்ட் வெட்டுக்குப் பயம் வேண்டாம். பற்றறியில் ஓடுகிற பூட்டுக்கு வீட்டுக் கரண்டே தேவையில்லை.

பருத்தித்துறை அக்கா:
வயது போனால் தோல் காய்ந்து ரேகையும் தேய்ந்துவிடும். எங்கள் அம்மாவுக்கும் இதே கதைதான். ஒரே பெருவிரலை இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சரித்துப் பதிந்து வையுங்கள். அதற்கும் பிடிக்காவிட்டால் இரகசிய இலக்கம் கொடுங்கள். பிறந்த ஆண்டும் டெலிபோனின் கடைசி நாலு இலக்கமும் வேண்டாம், அவை ஊருக்கே தெரிந்தவை. சரி, பூட்டோடு வந்த சாதாரண திறப்பு எங்கே?

கொக்குவிலான்:
குங்குமம் கீழ் விளிம்பில் பட்டது. மேல் பிணைச்சலில் ஆணி ஆடியது, இறுக்கினேன். இப்போது நாக்கு போகிறது, கொஞ்சம் உரசுகிறது, நாளைக்கு ராவுகிறேன். மிக்க நன்றி அண்ணை. திறப்பு இரண்டும் பெட்டியோடு ஷோகேசுக்குள் இருக்கிறது அக்கா.

பருத்தித்துறை அக்கா:
ஐயோ தம்பி, பற்றறி செத்தால் நீங்கள் வெளியே, திறப்பு உள்ளே! ஒன்றை மோட்டார்சைக்கிள் திறப்போடு கோர்த்து வையுங்கள், மற்றதை நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டில் கொடுங்கள். திறப்புத் துவாரம் பெரும்பாலும் ஒரு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இன்றைக்கே போட்டுத் திருப்பிப் பாருங்கள். பாவிக்காமல் விட்டால் இறுகிவிடும். எங்கள் பக்கம் உப்புக்காற்றில் இது சீக்கிரமே நடக்கும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும், பென்சில் கரித்தூள் நல்லது. அப்புறம், பூட்டின் கீழ்ப்பக்கம் இரண்டு சின்ன உலோகப் புள்ளி இருக்கிறதா? இருந்தால் வெளியே நின்று 9 வோல்ட் பற்றறியை அதில் பிடித்தும் உயிர்ப்பிக்கலாம். சிலவற்றில் அந்த இடத்தில் சார்ஜர் வயர் செருகும் துவாரம் இருக்கும்.

கதவுவேலை:
அக்கா சொன்னதுதான் முக்கியம், கைரேகை வந்தாலும் திறப்பு வேண்டும். குசினிக் கதவையும் ஒருக்கால் பாருங்கள் தம்பி. முன்னுக்கு எத்தனை ஆயிரம் செலவழித்தாலும், பின்னால் துருப்பிடித்த கொண்டியும் சின்ன ஆமைப்பூட்டும் என்றால் கள்ளன் அந்த வழியால் வருவான். அங்கே உள்ளுக்குத் தடித்த இரும்புத் தாழ்ப்பாள் மேலும் கீழும் போடுங்கள், மின்சாரப் பூட்டு தேவையில்லை. இரவில் லைற்றை நிறுத்திவிட்டு, விரலும் இலக்கமும் இல்லாமல் உள்கைப்பிடியைத் திருப்பி வெளியே வர முடிகிறதா என்று அம்மாவையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் மட்டும் கழற்றுங்கள்.