யெனாஞ்சாங் முக்காலிக் கிணறு: ஓராண்டு தாங்க என்ன செய்ய வேண்டும்?

மக்வே உறுப்பினர்:
மியான்மரின் மக்வே பகுதியில், யெனாஞ்சாங், மின்லா பக்கம் மூன்று கம்பம் நட்டு, டீசல் எஞ்சின் வைத்துத் துளை போடும் சின்ன எண்ணெய்க் கிணறுகளைப் பற்றித்தான் இது. கோடையில் நன்றாக ஊறிய கிணறு மழைக்காலத்தில் நின்றால், எண்ணெய் தீர்ந்தது என்று கைவிடாதீர்கள். முதலில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கேசிங் பைப்புக்கும் (துளை சரியாமல் உள்ளே இறக்கும் பைப்) துளைச் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் சிமென்ட் போடாமல் வெறும் மண்ணைத் தள்ளி மூடியிருந்தால், மேல்மட்ட நீர் அந்தச் சந்து வழியே எண்ணெய் ஊறும் மணல் அடுக்குக்கே போய்விடும். 300 அடி தண்ணீர் நின்றால் அடியில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 130 பவுண்டு. பழைய வயலில் மணலுக்குள் அவ்வளவு அழுத்தம் மிஞ்சியிருக்காது. அப்புறம் எண்ணெய் எப்படி உள்ளே வரும்?

அதனால் அந்தச் சந்தைச் சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். கணக்கு இதுதான். 6 அங்குலத் துளையில் நாலரை அங்குல பைப் இறக்கினால், 100 அடிக்குச் சந்தின் கொள்ளளவு சுமார் 243 லிட்டர். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு 23 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 39 லிட்டர் கலவை வரும். ஆக, ஆறே கால் மூட்டை. துளை எங்கும் ஒரே அகலமாக இருக்காது, சரிந்த இடங்கள் விழுங்கும். 8 மூட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன் உறுப்பினர்:
அண்ணன் சொன்ன 23 லிட்டரைத் தாண்டவே கூடாது. கையால் கலக்கச் சுலபம் என்று தண்ணீரைக் கூட்டினால், சிமென்ட் அடியில் படிந்து நீர் மேலே பிரியும். பிரிந்த நீர் ஓடிய தடம் அப்படியே கசிவாகிவிடும். இன்னொன்று, மேலிருந்து ஊற்றாதீர்கள். துளைக்குள் நிற்கும் தண்ணீரில் விழும்போதே கலவை கரைந்து போகும். ஒரு அங்குலக் குழாயைச் சந்தின் அடிவரை விட்டு, கீழிருந்து மேலாக நிரப்புங்கள். மேல்வாயில் தண்ணீர் போய் நல்ல கெட்டிக் கலவை வந்த பிறகே நிறுத்த வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் பைப்பை அசைக்காதீர்கள்.

சௌக் உறுப்பினர்:
மழையைத் தாண்டினாலும் மார்கழி, தை இருக்கிறது. யெனாஞ்சாங் எண்ணெயில் மெழுகு அதிகம். 1850களில் ‘ரங்கூன் தார்’ என்று லண்டனுக்குக் கப்பலேறி மெழுகுவர்த்தியானது இதுதானே! மேலே வர வர ஆறுவதாலும், கலந்திருந்த வாயு பிரிவதாலும் பைப்பின் மேல்பகுதியில் மெழுகு அப்பிக்கொள்ளும். கம்பியில் கத்தி கட்டிச் சுரண்டி, சுரண்டியதை வெளியே எடுங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால், உருகிய மெழுகு கீழே போய் மணலின் துளைகளில் உறைந்துவிடும். அதை எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

மக்வே உறுப்பினர்:
தம்பி, சுரண்டும்போது வாயு சட்டென்று கிளம்பும். அதில் காற்றைவிடக் கனமான பகுதி குழியிலேயே தேங்கும். அதனால் எஞ்சின் காற்று வரும் பக்கம், கிணற்றை விட்டுத் தள்ளி நிற்கட்டும். எஞ்சின் தானாகவே வேகமெடுத்துக் கத்தினால் வாயுவை இழுக்கிறது என்று அர்த்தம். டீசலை அடைத்தாலும் நிற்காது. எஞ்சினுக்குள் காற்று போகும் வாயைத்தான் மூட வேண்டும். துணியால் மூடினால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கையால் மூடினால் கை போய்விடும். அந்த வாய்க்குச் சரியாகப் பொருந்தும் தட்டையான இரும்புத் தகடு ஒன்றை எஞ்சின் பக்கத்திலேயே தொங்கவிட்டு வையுங்கள்.