இலவசக் கல்வி வந்த நாட்டில் பல்கலைக்கழக இடம் ஏன் போதவில்லை?

கேள்வி:
இலங்கையில் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்பதே அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் திட்டம். ஆயினும் உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் பெரும்பாலோருக்கு இன்றும் இடம் கிடைப்பதில்லை. இதற்கு அனுமதி முறை காரணமா, இடப் பற்றாக்குறை காரணமா? தரப்படுத்தல் (1970களில் மொழியையும் மாவட்டத்தையும் வைத்துப் பல்கலைக்கழக அனுமதியை மாற்றியமைத்த முறை) பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் பலர் ஒன்றாக்கிவிடுவதால் கேட்கிறேன்.

பதில் 1:
மூலகாரணம் இடப் பற்றாக்குறையே. நகரங்களுக்கு வெளியே மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்து, புலமைப்பரிசில் பெற்ற கிராமத்துப் பிள்ளைகள் அவற்றின் விடுதிகளில் தங்கிப் படிக்கத் தொடங்கிய காலத்தில், நாட்டிலிருந்தது 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் மனத்தில் இருந்தது மாணவர் வளாகத்திலேயே தங்கிப் பயிலும் பல்கலைக்கழகம். 1952இல் அது பேராதனைக்குச் சென்றது. அழகான வளாகம்தான், ஆனால் பெருந்தொகையான மாணவரை எதிர்பார்த்து அமைக்கப்பட்டதன்று. 1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார ஆகிய பிரிவெனாக்கள் (பௌத்த பிக்குகளின் கல்விநிலையங்கள்) பல்கலைக்கழகங்களாயின. 1960இலிருந்து கலைப் பாடங்கள் ஆங்கிலத்துக்குப் பதிலாகச் சிங்களம், தமிழ் ஆகிய சுயமொழிகளில் கற்பிக்கப்பட்டதால் கலைப்பீடங்கள் விரைவாகப் பெருகின. ஆய்வுகூடமும் போதனா மருத்துவமனையும் வேண்டிய துறைகள் அவ்வாறு பெருகவில்லை. போட்டி மருத்துவத்திலும் பொறியியலிலும் குவிந்தது இதனால்தான்.

பதில் 2:
மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். எனினும் அனுமதி முறையைச் சிறிய விடயமாகக் கடந்துவிட முடியாது. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியிலிருந்தும், அதற்கு எதிர்வினையாக 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையிலிருந்தும் தொடங்கிய பள்ளி மரபு யாழ்ப்பாணத்துக்கு இருந்தது. அதன் பயனாக விஞ்ஞானத் துறைகளில் தமிழ் மாணவர் தம் மக்கள்தொகை விகிதத்தை மிஞ்சி இடம் பெற்றனர். 1971இல் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகளும் எல்லையாக வைக்கப்பட்டன. பின்தங்கிய மாவட்டங்களுக்கு உதவுவது ஒரு கொள்கை. எழுதிய மொழியை வைத்து எல்லையை மாற்றுவது முற்றிலும் வேறு. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது முந்தைய காயம் ஆறியிருக்கவில்லை. இன்று பெரும்பாலான துறைகளில் 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகிறது.

பதில் 3:
தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் மலையகத்தைச் சேர்க்காமல் இந்த உரையாடல் நிறைவடையாது. 1945இன் இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்டவேயில்லை. தோட்ட நிர்வாகத்தின் கீழிருந்த அவற்றில் பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புகளோடு முடிந்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. நுவரெலியா பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஒதுக்கீட்டின் அலகு மாவட்டம் என்பதால், தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலையில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளை, அதே மாவட்டத்தின் நகரப் பாடசாலை மாணவருடன் போட்டியிட வேண்டியிருக்கிறது. இந்தப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான, கணித ஆசிரியர்கள் வராதவரை, பல்கலைக்கழக இடங்களைக் கூட்டினாலும் இங்குள்ள பிள்ளைகள் அந்தப் பரீட்சைக்குத் தோற்றும் நிலையையே அடையமாட்டார்கள்.