குடும்பக் குழு: குட்டியும் ரோடும்

கீதா அண்ணி: டேப்பில் ரோடு கடக்கும் கேமில் குட்டி எல்லா ஸ்டாரும் வாங்கியவன். இன்று பந்து உருண்டதும் என் கையை உதறிவிட்டு ரோட்டில் இறங்கிவிட்டான். பைக்காரர் பிரேக் அடித்ததால் தப்பித்தோம்

பாட்டி: ஐயோ அடி பட்டதா

கீதா அண்ணி: இல்லை பாட்டி. எனக்குத்தான் இன்னும் கை நடுங்குகிறது

பெரியப்பா: டேப் வாங்கிக் கொடுத்த மகராசன் எங்கே?

சித்தப்பா: இங்கேதான் இருக்கிறேன் அண்ணா

பெரியப்பா: 5 வயசுக்கு டேப் எதற்கு என்று அன்றைக்கே சொன்னேன்

குமார் அண்ணன்: அப்பா, அது முடிந்த கதை

சித்தப்பா: கேமில் பொம்மை ‘நில், பார்’ என்றதும் தொட்டால் ஸ்டார். ரோட்டில் யார் சொல்வார்கள்? இந்த வயதில் விதி மனப்பாடமாக இருக்கும், வண்டியின் வேகத்தைக் கணிக்க வராது. 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் வந்துவிடும். வளைவில் வண்டி கண்ணில் படவில்லையென்றால் ரோடு காலி என்றே நினைப்பார்கள். இன்னொன்று, அந்த கேம் வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாட்டுக்காகச் செய்தது. முதலில் இடப்பக்கம் பார்க்கச் சொல்கிறது. உங்களுக்கு முதலில் வலப்பக்கம்தான்

சித்தி: கட்டுரை முடிந்ததா?

கீதா அண்ணி: அதனால்தான் எப்போதும் இடப்பக்கமே திரும்புகிறானா!

சித்தப்பா: உங்கள் ரோட்டையே போனில் வீடியோ எடுங்கள், குட்டியின் கண் உயரத்தில். ஓரத்தில் ஒரு கார் நின்றால் போதும், அந்த உயரத்தில் ஒன்றும் தெரியாது. வீட்டில் ஓடவிட்டு ‘போகலாமா’ என்று கேளுங்கள். அவன் ‘போகலாம்’ என்றதும் வீடியோவை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். வண்டி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று அவனே பார்ப்பான்

பெரியப்பா: குனிந்து எடுக்க என் முட்டியா கிடைத்தது?

குமார் அண்ணன்: செல்ஃபி ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்தால் சரி

சித்தி: அது என்னுடைய ஸ்டிக். கல்யாணத்துக்கு வந்தபோது காணாமல் போனது

குமார் அண்ணன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பாட்டி: குமாரும் இப்படித்தான் ஓடுவான். தாத்தா அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கடப்பார்

குமார் அண்ணன்: பாட்டி!!

சித்தப்பா: வீடியோ மட்டும் போதாது. அப்புறம் கையைப் பிடித்தபடி ரோட்டோரம் நின்று, எப்போது போகலாம் என்று அவனையே சொல்லவிடுங்கள். நீங்கள் சரிபார்த்த பிறகே நடக்க வேண்டும். 10 வயது வரையாவது தனியாக விடாதீர்கள்

கீதா அண்ணி: ஞாயிற்றுக்கிழமை யார் கூட்டிப் போவது?

குமார் அண்ணன்: எனக்கு வேலை இருக்கும் போல

கீதா அண்ணி: தெரியும்

பெரியப்பா: நான் போகிறேன். டேப்பைத் தொடக்கூடாது

சித்தப்பா: வீடியோவை எதில் பார்ப்பான் அண்ணா?

பெரியப்பா: டிவியில் போடு

கீதா அண்ணி: டிவி ரிமோட் குட்டியிடம்தான் இருக்கிறது மாமா

சித்தி: ஸ்டிக்குக்கு இன்னும் பதில் வரவில்லை