புணானையில் நின்ற ஆர்எக்ஸ்-8: கூலன்ட் லீக்கை வீட்டில் திருத்தின கதை

கல்லடிக்காரன்:

போன கச்சான் காற்றுக் காலத்தில் நடந்தது. என்னுடையது 2004 மஸ்டா ஆர்எக்ஸ்-8. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) குறைவு என்று டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். இந்தக் காரில் அந்த சென்சர் பழுதாவது வழமை, வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் நானும் 'இது பொய் விளக்கு' என்று எட்டு மாதம் அதோடே ஓடினேன். பொலன்னறுவையிலிருந்து திரும்பும்போது வெலிக்கந்தை தாண்டியதும் ஏசி வழியாக ஒரு இனிப்பு மணம், கூலன்ட் ஒழுகுகிற மணம். சூட்டு மீட்டர் முள் சரியாக நடுவில் நின்றது. அந்த முள்ளை நம்பியதுதான் என் முதல் பிழை. இந்தக் காரில் அது சூட்டுக்கு ஏற்ப ஏறாது, நடுவிலேயே படுத்துக் கிடந்துவிட்டு, காரியம் கெட்டபிறகு ஒரேயடியாகப் பாயும்.

புணானையில் ஓரங்கட்டினேன். கூலன்ட் போத்தல் மூடியைத் திறக்கவில்லை, அந்தளவு அறிவாவது இருந்தது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரைதான் உள்ளே இருப்பது கொதிக்காமல் இருக்கும். வெளிக்காற்றைவிட 0.9 பார் கூடுதலான அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 பாகை அளவில்தான் கொதிக்கும். சூட்டோடு மூடியைத் திருகினால் அந்த அழுத்தம் போய், அவ்வளவும் ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கு வரும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தேன். பொழுது சாய்கிறது, யானை கடக்கிற ரோடு, மனைவி காருக்குள் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, அது பேசுவதைவிட மோசம். பிறகு மூடியைத் திறந்து, குடிக்க வாங்கிய தண்ணீர்ப் போத்தல் இரண்டையும் ஊற்றி, ஓட்டமாவடியில் ஒரு தரம் நிறுத்தி ஆறவிட்டு, ஊர்ந்து வீடு வந்தோம்.

இவ்வளவு பயம் ஏன் என்றால், இந்தக் காரில் இருப்பது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுற்றுவது. அதில் அலுமினியக் கூடும் வார்ப்பிரும்புத் தகடும் மாறிமாறி அடுக்கி, நீளமான போல்ட்டுகளால் இறுக்கியிருக்கும், நடுவில் தண்ணீரைத் தடுக்க ரப்பர் சீல். சூடு எல்லை மீறினால் இரண்டு உலோகமும் ஒரே அளவில் விரியாது, சீல் போய்விடும். அதற்குப் பிறகு எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும், அதைப் பிரிக்கத் தெரிந்த ஆளை மட்டக்களப்பில் தேடிப் பாருங்கள்.

அடுத்த நாள் பார்த்தால் கூலன்ட் போத்தலின் பொருத்து ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. லொறி ஓடின மாமா வந்து பார்த்துவிட்டு, "மனே, ரெண்டு கரண்டி மஞ்சள்தூள் போடு, அடைச்சிரும்" என்றார். பழைய லொறி ரேடியேட்டரில் அது வேலை செய்ததை நானே பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த எஞ்சினின் ஒடுக்கமான தண்ணீர்ப் பாதைக்குள் மஞ்சள்தூளோ கடையில் விற்கிற லீக் அடைக்கிற மருந்தோ போட எனக்குத் துணிவு வரவில்லை. அதற்குப் பதிலாக நான் செய்தது அதைவிடப் பெரிய கெட்டித்தனம் ஒன்றுமில்லை: இரண்டு டியூப் கலந்து பூசுகிற பசை. மூன்று நாள் நின்றது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விரிந்து சுருங்குகிற பிளாஸ்டிக்கில் அது நிற்காது.

மறுகா ஒரு கூட்டாளியிடம் பிரஷர் டெஸ்டர், அதாவது உள்ளே அழுத்தம் ஏற்றி லீக்கைக் காட்டுகிற கருவி, வாங்கினேன். மூடிக்குப் பதிலாக அதைப் பூட்டிக் கையால் பம்ப் அடிக்க வேண்டும், மூடியில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் அடிக்கக் கூடாது. எஞ்சின் குளிர்ந்தே இருக்கும், கையைச் சுடாது, ஆறுதலாகத் தேடலாம். கால் மணித்தியாலம் விட்டேன். போத்தல் ஒழுகும் என்று தெரியும், அதைவிடக் கீழ் ஹோஸ் வாயிலும் ஒரு சொட்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் படிந்து காய்ந்திருக்கிறது, அங்கே மாதக் கணக்கில் ஒழுகியிருக்க வேண்டும். ஸ்பிரிங் கிளிப் தளர்ந்துவிட்டது. போத்தலை மட்டும் மாற்றியிருந்தால் திரும்பவும் புணானைதான்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் றிகன்டிஷன் போத்தல் மலிவு. அதுவும் என்னுடையதன் வயதுதானே என்று புதிதாகவே எடுத்து இரவு பஸ்ஸில் பார்சலாக வரவழைத்தேன். சென்சரும் சேர்ந்தே வந்தது.

இதற்குள் ஒரு கூத்து. வெயில் என்று காரை மாமரத்தடிக்கு நகர்த்த ஸ்டார்ட் பண்ணி, பத்தடி ஓட்டி, நிறுத்தினேன். குளிர்ந்த ரோட்டரியை அப்படி உடனே நிறுத்தக் கூடாது, பெட்ரோல் நிறைந்து பிளக் நனைந்துவிடும். வேலை முடிந்து பின்னேரம் ஸ்டார்ட் பண்ணினால் கறகற என்று சுற்றுகிறது, பிடிக்கவில்லை. எக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சுற்றினால் பெட்ரோல் நின்றுவிடும், காற்று மட்டும் போய்க் காயும். அரை மணித்தியாலம் விட்டுவிட்டு அப்படிச் செய்து, பக்கத்து வீட்டு பற்றறியையும் கடன் வாங்கி ஒருவாறு பிடித்தது. தெருவே வெள்ளைப் புகை. மாமா கதிரையில் இருந்து சிரித்தார்.

கடைசியாகக் கூலன்ட் பாதையில் சிக்கின காற்றை எடுப்பது. தென்னம் பலகையில் முன் சில்லுகளை ஏற்றி, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, ஃபேன் இரண்டு தரம் சுற்றி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டேன். கச்சான் அடிக்கிற நடுப்பகலில் ஹீட்டர் போட்ட காருக்குள் ஏறி இறங்குவது என்ன சுகம் என்று கேளாதீர்கள். ஊற்றியது பாதிக்குப் பாதி, கடைத் தண்ணீரில் கலந்தது. எங்கள் பக்கக் கிணறு உவர், அதை எஞ்சினுக்குள் விடவே கூடாது. இங்கே தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்பவர்களுக்கு: கறல் பிடிக்காமல் இருக்க. இப்போது காரின் கம்பியூட்டரை வாசிக்கிற ஓபிடி கருவி ஒன்றைப் பூட்டி போனில் உண்மையான சூட்டைப் பார்க்கிறேன். நாலு மாதமாகப் போத்தலில் மட்டம் இறங்கவில்லை.

அக்கரைப்பற்று நானா:

எனது டொயோட்டா செலிக்கா, 1இஸட்இஸட் எஞ்சின். லீக் என்று ஒரு சொட்டும் நிலத்தில் விழாது, ஆனால் வாரம் ஒரு கப் குறையும். சூடான எஞ்சினில் ஒழுகினால் விழுமுன்னே காய்ந்துவிடும், அதுதான் விஷயம். தண்ணீர்ப் பம்பில் கீழே ஒரு சின்ன ஓட்டை உண்டு, உள் சீல் போனால் அதன் வழியாக வரும். டார்ச் அடித்துப் பார்த்தால் ரோஸ் நிறப் பொருக்கு. பம்ப் ஆறு போல்ட்தான், பெல்ட் டென்ஷனரை 19 சாவியால் தள்ளி எடுக்க வேண்டும், ஆனால் இடுக்கு என்றால் அப்படி ஒரு இடுக்கு, என் வாப்பா கைவிளக்குப் பிடித்தே களைத்துப் போனார். முதல் காட்டிய கராஜில் 'ஹெட் கெஸ்கட்' (எஞ்சின் தலைக்குக் கீழே இருக்கிற சீல்) போய்விட்டது என்று சொல்லி எஞ்சினை இறக்கப் பார்த்தார்கள். தம்பி, அந்த டெஸ்டர் எங்களுக்கும் ஒருக்கால் கிடைக்குமா?

கல்முனை அக்கா:

காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தம்பிதான் வீட்டில் திருத்துகிறவன். வடித்த கூலன்ட்டை வாளியோடு முற்றத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட வந்துவிட்டான். நல்ல வேளையாக பூனை முகர்ந்துகொண்டு நிற்கும்போதே கண்டேன். அது இனிக்கும், பூனை நாய் விரும்பிக் குடிக்கும், கொஞ்சம் போனாலும் சிறுநீரகம் செயலிழக்கும். சின்னப் பிள்ளை இருக்கிற வீடென்றால் இன்னும் கவனம். மூடியுள்ள கலனில் வடியுங்கள்.

கல்லடிக்காரன்:

அக்கா சொன்னது சரி, நான் பெயின்ட் வாளியை மூடாமல்தான் வைத்திருந்தேன், இனி மூடி வைக்கிறேன். நானா, டெஸ்டர் தரலாம். செவ்வாய் கல்முனைக்கு வருவேன், அங்கே வந்து எடுங்கள். செலிக்காவுக்கு வேறு அடாப்டர் வேண்டியிருக்கும், பெட்டிக்குள் அஞ்சாறு கிடக்கிறது, உங்கள் மூடியையும் கழற்றி எடுத்துக்கொண்டு வாங்கள், பொருத்திப் பார்ப்போம்.