"நீங்களும் சைக்கிளிஸ்டா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

காலைமிதி:
மூன்று வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். மேட்டின் உச்சியில் தண்ணீர் குடிக்க நின்றேன். ஜெர்சி போட்ட குழு ஒன்று, ஏழெட்டுப் பேர், பின்னாலேயே வந்து நின்றார்கள். ஒருவர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "நீங்களும் சைக்கிளிஸ்டா?" என்றார். கேட்ட விதத்தில் ஒரு குறையும் இல்லை, நல்ல சிரித்த முகம். நான்தான் சட்டென்று, "இல்லைங்க, சும்மா ஓட்டுறேன்" என்றேன்.

சொல்லும்போதே என் கை தானாகப் போய் கேரியரில் கட்டியிருந்த பழைய பையை மறைத்தது. அது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் குனிந்து செயினை விரலால் தொட்டார். கறுப்பு ஒட்டாத விரலை என்னிடம் காட்டி, "சும்மா ஓட்டுறவங்க செயின் இப்படி இருக்காதுங்க" என்றார். அப்புறம் எல்லோரும் இறக்கத்தில் போய்விட்டார்கள்.

11 வருடமாக ஓட்டுகிறேன். வேலைக்குப் போவதற்காக இல்லை, எடை குறைக்க இல்லை, போட்டிக்கும் இல்லை. பிடித்திருக்கிறது, ஓட்டுகிறேன். அத்தனை வருடத்தையும் 'சும்மா' என்று ஏன் சொன்னேன்? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

எதிர்காற்று:
எனக்கு நடந்தது மேடேறும்போது. பாதியில் மூச்சு வாங்கியது, இறங்கித் தள்ளினேன். கடந்து போன ஒரு பையன், "இறங்கிட்டா அது வாக்கிங் சார்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான். எனக்கு வயது 58. அந்த வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது.

சட்டத்தைப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர் பாதசாரி. ஏறி உட்கார்ந்துவிட்டால் காரோட்டியைப் போல அவரும் ஓட்டுநர். சாலை விதிக்கு அது போதும். ஆனால் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் டெரெய்லர் கியரை, அதாவது ஓட்டிக்கொண்டே செயினை வேறு பல்சக்கரத்துக்கு மாற்றும் கியரை, அனுமதித்ததே 1937இல்தான். அதற்கு முன்னால் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். மேடு வந்தால் வீரர்கள் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபடி ஏறி மிதிப்பார்கள். அவர்களே இறங்கியிருக்கிறார்கள். நான் இறங்கினால் மட்டும் என்ன குறைந்துபோகிறது?

நட்டுபோல்ட்டு:
ஒரு தடவை சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் "எவ்வளவு தூரம் போவீங்க?" என்று கேட்டார். 6 கிலோமீட்டர் என்று சொல்ல வாய் வரவில்லை, 20 என்றேன். "பரவாயில்லையே" என்று அவர் தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. என் கதை அவ்வளவுதான்.

எதிர்காற்று சார், நீங்கள் முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் கணக்கு. முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் உயரம் அதிகம். ஒரேயடியாக மாற்றாதீர்கள், சில மில்லிமீட்டர் மாற்றி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். டயரில் எவ்வளவு காற்று பிடிக்கும் என்று அதன் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும், காற்று குறைந்த டயர் மேட்டில் பின்னால் இழுக்கும். கியரை மேடு தொடங்குவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள், முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் தடுமாறும். மூச்சு வாங்குவது புதிதாக வந்தது என்றால், அல்லது நெஞ்சு இறுகுகிறது என்றால், இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

தொலைதூரம்:
நட்டுபோல்ட்டு, அவர் சீட் உயரம் கேட்கவில்லையே. மனதில் இருப்பதைச் சொன்னார்.

காலைமிதி, நீங்கள் சொன்ன பதில் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெயருக்கு ஒரு கனம் இருக்கட்டுமே. நீச்சல் தெரிந்தவர் எல்லாம் நீச்சல் வீரரா? நான் 200 கிலோமீட்டர் பிரெவே ஓட்டினேன், நேரக்கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் பயணம் அது. 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், 20 நிமிடம் மிச்சம் வைத்து வந்து சேர்ந்தேன். கை நடுங்கியதில் பயணத்தைப் பதிவு செய்யும் அட்டையில் கையெழுத்துப் போட முடியவில்லை. மேசையில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அட்டையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிரெவேயில் முதலிடம், கடைசி இடம் என்று எதுவும் கிடையாது, நேரத்துக்குள் வந்தால் எல்லோருக்கும் ஒன்றுதான். இனிமேல் யார் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லலாம் என அன்று இரவு நினைத்தேன். அதை உழைத்துத்தான் வாங்கினேன், எனக்கு அது பெரிது.

மணிச்சத்தம்:
தொலைதூரம் அண்ணா, 'வீரர்' என்று நீங்களாகத்தானே சேர்க்கிறீர்கள்? காலைமிதியிடம் யாரும் சைக்கிள் வீரரா என்று கேட்கவில்லை. போட்டியில் ஓடுபவருக்கு அந்தச் சொல் இருக்கட்டும். தினமும் ஆசையாக ஓட்டுபவருக்கும் ஒரு சொல் வேண்டாமா? அட்டையும் கையெழுத்தும் இல்லாதவர்கள் எங்கே போய் வாங்குவது?

என்னுடையது சின்ன அனுபவம். மணிக்கட்டு முறிந்து நான்கு மாதம் வண்டியைத் தொடவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் என் கெண்டைக்காலைப் பார்த்துவிட்டு, "நீங்க சைக்கிள் ஓட்டுறவங்கதானே?" என்றார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. கை வலி என்று நினைத்து அவர் பிடியைத் தளர்த்தினார்.

முதல் நாள் திரும்ப ஏறியபோது தெருமுனை வரைதான் போனேன். பிரேக்கை அழுத்த இரண்டு விரலில்தான் பலம் இருந்தது.

எதிர்காற்று:
நட்டுபோல்ட்டு தம்பி சொன்னபடி குதிகாலை வைத்துப் பார்த்தேன். சீட் ஒரு விரற்கடை தாழ்வாகத்தான் இருந்திருக்கிறது. தொலைதூரம் கோபிக்க வேண்டாம், கேட்காமல் சொன்னாலும் எனக்கு உதவியது. மூச்சு பழைய கதைதான், மருத்துவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். அதே மேட்டில் நேற்றும் இறங்கினேன், கொஞ்சம் மேலே போய்.

காலைமிதி:
எல்லாவற்றையும் படித்தேன். மணிச்சத்தம் எழுதியதை மட்டும் இரண்டு தடவை. இன்று காலை அதே உச்சியில் அரை மணி நேரம் நின்றேன். அந்தக் குழு வரவில்லை. ஒரு சின்னப் பெண் அப்பாவோடு மேடேறி வந்தாள், சீட்டில் உட்காராமல் நின்றே மிதித்து. மூச்சிரைக்க என்னைப் பார்த்து, "நீங்க தினமும் வருவீங்களா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன்.